புதூர்ப் பட்டறையில் செய்து வாங்கிய ஏவுகணைப் படகு மாதிரி: ஒரு மதிப்புரை

மதுரை கே. புதூர்ப் பக்கம், பள்ளிக் கண்காட்சிகளுக்கும் கட்டடப் பொறியாளர்களுக்கும் மாதிரிகள் செய்து தரும் ஒரு சிறு பட்டறையில், ‘ஐ.என்.எஸ். நிபாத்’ என்னும் ஏவுகணைப் படகின் மாதிரியை ஐம்பதில் ஒரு பங்கு அளவில் செய்து வாங்கினேன். கண்ணாடிப் பெட்டியோடு சேர்த்து 24,000 ரூபாய் ஆயிற்று. எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில், தேசிய மாணவர் படையின் கடற்படைப் பிரிவு மாணவர்கள் பயிலும் அறையில் வைப்பதற்காகக் கேட்டது அது. கடற்படையின் ஆயுதப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால், பொருளைப் பார்வைக்கு அழகாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்கிவர என்னால் முடியவில்லை. கடலில்லாத ஊரில் கப்பல் மாதிரி செய்யச் சொல்லுகிறவர்கள் எதைக் கவனிக்க வேண்டும் என்பது தெரிந்திருந்தால் நல்லது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். குறைகளையும் எழுதப் போவதால் பட்டறையின் பெயரைக் குறிப்பிடவில்லை.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். மரவேலை முதல் தரம். ஆயுதங்கள், திருத்திய பிறகு, மிக நன்றாக வந்திருக்கின்றன. வண்ணப்பூச்சு சுமார். சொன்ன தேதியை நம்பி விழாவுக்கு நாள் குறிக்கக் கூடாது.

எத்தனையோ பெரிய கப்பல்கள் இருக்க இந்தச் சின்னப் படகை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்று பட்டறைக்காரரே கேட்டார். நிபாத் ‘ஓசா’ வகையைச் சேர்ந்தது. சோவியத் நாட்டில் கட்டப்பட்ட அந்த வகைப் படகுகள் கரையோரத்தையும் துறைமுகத்தையும் காப்பதற்காக உருவானவை. 38.6 மீட்டர் நீளம், 7.6 மீட்டர் அகலம், முழுச் சுமையோடு இருநூறு டன்னுக்குச் சற்று மேல்; இவ்வளவுதான் உருவம். அதற்குள் ஒவ்வொன்றும் 42 சிலிண்டர்களும் 4,000 குதிரைத்திறனும் கொண்ட மூன்று டீசல் எஞ்சின்களை வைத்து, மேல்தளத்தில் நான்கு ஏவுகணைகளை ஏற்றி, மணிக்கு 38 கடல் மைலுக்குக் குறையாத வேகத்தில் ஓட விட்டார்கள். இந்தியா முதலில் வாங்கிய எட்டுப் படகுகளும் 1971இல் கல்கத்தாவில் வந்து இறங்கின. அவ்வளவு எடையைத் தூக்கும் பாரந்தூக்கி பம்பாயில் இல்லாததே காரணம். அங்கிருந்து பம்பாய்க்கு அவற்றை வேறு கப்பல்களில் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். காவலுக்கென்று வாங்கிய அந்தப் படகுகளில் மூன்று, நிபாத், நிர்காத், வீர் ஆகியவை, கில்தான், கட்சால் என்ற இரு போர்க்கப்பல்களின் துணையோடு 1971 டிசம்பர் 4ஆம் தேதி இரவு கராச்சிக்கு வெளியே போய் நின்று தாக்கின. நிர்காத்தின் ஏவுகணைகளால் பாகிஸ்தானின் ‘கைபர்’ என்ற நாசகாரிக் கப்பலும், வீரின் ஏவுகணையால், கடலில் கண்ணிவெடிகளை அகற்றும் ‘முகாபிஸ்’ என்ற கண்ணிவாரிக் கப்பலும் மூழ்கின. தாக்குதலை நடத்திய படகுப் பிரிவின் தளபதி பப்ரு பான் யாதவ் இருந்தது நிபாத்தில்தான். ஆண்டுதோறும் டிசம்பர் 4 கடற்படை நாளாகக் கொண்டாடப்படுவது இந்தத் தாக்குதலை வைத்துத்தான் என்பதால், மாணவர் படை அறைக்கு இதைவிடப் பொருத்தமான படகு எனக்குத் தோன்றவில்லை.

ஐம்பதில் ஒரு பங்கு என்றால் மாதிரியின் நீளம் 77 சென்டிமீட்டர், அகலம் 15 சென்டிமீட்டர். உடலை நாட்டுத் தேக்குப் பலகைகளை அடுக்கடுக்காக ஒட்டி, பிறகு இழைத்து வடிவுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். இதைச் செய்தவர் கோயில் வாகனங்களுக்கு வேலை செய்து பழகிய ஒரு மூத்த ஆசாரி. படகின் குறுக்குவெட்டு வடிவங்களை அட்டையில் வெட்டிக் கொடுத்திருந்தேன். ஒவ்வோர் இடத்திலும் அட்டையை வைத்துப் பார்த்தால் வெளிச்சம் புகாத அளவுக்குப் பொருந்தியது. முன்பகுதியில் தண்ணீரை விலக்கித் தள்ளுவதற்காக உடல் வெளிநோக்கி விரிவதும், பின்பகுதி நேராக வெட்டியதுபோல் முடிவதும் கண்ணுக்கு உறுத்தாமல் ஒன்றோடொன்று கலந்திருக்கின்றன. விலையில் பாதியை இந்த உடலுக்கே கொடுக்கலாம்.

அடுத்தது ஏவுகணைப் பெட்டிகள். முதல் முறை நான் போய்ப் பார்த்தபோது, மேல்தளத்தில் நான்கு உருளைகள் பளபளவென்று உட்கார்ந்திருந்தன. பி.வி.சி. குழாயை அளவாக வெட்டி, முனையில் மூடி போட்டு, அழகாகவே செய்திருந்தார்கள். ஆனால் அவை நிபாத்துக்கு உரியவை அல்ல. ஓசா வகையில் முதல் பிரிவு, இரண்டாம் பிரிவு என்று இரண்டு உண்டு. 1971இல் வந்தவை முதல் பிரிவு. அவற்றில் ஏவுகணையின் சிறகுகள் மடங்காதவை என்பதால், விரிந்த சிறகோடு அதை வைக்கும் அளவுக்குப் பெரிய பெட்டி வடிவக் கொட்டகைகள் இருக்கும். 1970களின் பிற்பகுதியில் வந்த இரண்டாம் பிரிவுப் படகுகளில்தான் சிறகு மடங்கும் ஏவுகணைகள் வந்து, கொட்டகைக்குப் பதிலாக உருளைக் கலன்கள் இடம்பிடித்தன. இணையத்தில் தேடினால் இரண்டு படங்களும் ஒரே பெயரில் கலந்து கிடக்கின்றன.

நான் சொன்னதைக் கேட்ட ஆசாரி சற்று யோசித்துவிட்டு, “பெட்டி மாதிரி வச்சா சாமான் ரூம் மாதிரில சார் இருக்கும்? குழாயா இருந்தாத்தானே ராக்கெட்டுன்னு பிள்ளைகளுக்குத் தெரியும்?” என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்தக் கொட்டகைகளைப் பார்த்தால் உள்ளே ஆயுதம் இருப்பதாக எவருக்கும் தோன்றாது. ஆனாலும் 11 சென்டிமீட்டருக்கு மேல் நீளமும், சிறகு முனைக்குச் சிறகு முனை ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட மாதிரி ஏவுகணையைக் கையில் எடுத்துக் குழாய்க்குள் நுழைக்கச் சொன்னேன். நுழையவில்லை. அதற்குமேல் ஒரு வார்த்தை பேசாமல் நான்கு உருளைகளையும் பெயர்த்து எடுத்துவிட்டார். பணம் கூடுதலாகக் கேட்கவில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

புதிதாகச் செய்த கொட்டகைகள் இந்த மாதிரியின் சிறப்பு என்றே சொல்வேன். முன்கதவு சின்னக் கீலில் திறக்கிறது. உள்ளே பித்தளைத் தண்டவாளம். அதன் மேல் ஏவுகணை வழுக்கி ஓடுகிறது. முன்னால் உள்ள இரண்டும் பின்னால் உள்ள இரண்டும் ஒரே சாய்வில் இல்லை. பின்னுள்ளவை கூடுதலாக மேல்நோக்கிச் சாய்ந்திருக்கின்றன. மாதிரியைப் பள்ளியில் வைத்த அன்று எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, “சார், பின்னாடி உள்ளது கிளம்புனா முன்னாடி உள்ள பெட்டியில இடிக்காதா?” என்று கேட்டாள். ஒரு நூலைத் தண்டவாளத்தின் நேர்க்கோட்டில் பிடித்து நீட்டினோம். முன்கொட்டகையின் கூரைக்கு மேலே ஒரு விரற்கடை இடைவெளி விட்டு நூல் போனது. சாய்வு தவறியிருந்தால் இந்தப் பதிலைக் காட்டியே இருக்க முடியாது.

ஏவுகணை மாதிரிகளை முப்பரிமாண அச்சில் எடுத்திருக்கிறார்கள். எங்கிருந்தோ இறக்கிய கோப்பைக் கொண்டு அச்சிட்டதால் முதலில் வந்தவற்றில் வயிற்றுக்கு அடியில் இருக்க வேண்டிய உந்தி (பூஸ்டர்) இல்லை. பி-15 என்ற இந்த ஏவுகணை இரண்டு கட்டமாக ஓடுவது: அடியில் தொங்கும் திட எரிபொருள் உந்தி அதைத் தண்டவாளத்திலிருந்து வெளியே தள்ளி வேகம் கொடுத்துவிட்டுக் கழன்று கடலில் விழும், அதன் பிறகு உள்ளிருக்கும் திரவ எரிபொருள் எஞ்சின் ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் குறைந்த வேகத்தில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தூரம் வரை கொண்டுபோகும். உந்தி இல்லாத ஏவுகணையை வைத்துக்கொண்டு அது எப்படிக் கிளம்புகிறது என்று விளக்க வழியில்லை. பட்டறைக்காரரின் மகன், டிப்ளமோ முடித்தவர், அன்று சாயங்காலமே கணினியில் உந்தியைத் தனியாக வரைந்து, கழற்றி மாட்டுவதுபோல் ஒரு சின்ன காந்தத்தோடு செய்து கொடுத்தார். நான் கேட்காத வசதி அது. மாணவர்களுக்கு மிகவும் பிடித்துப்போனதும் அதுதான். வாலில் செங்குத்தாக ஒன்று, சாய்வாகக் கீழ்நோக்கி இரண்டு என்று மூன்று துடுப்புகள் இருக்க வேண்டும். அவை சரியாகவே இருந்தன.

ஏவுகணையின் மூக்கை அவர்கள் சிவப்பாக அடித்திருந்ததை வெள்ளையாக மாற்றச் சொன்னேன். மூக்கினுள் இருப்பது வெடிமருந்து என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். அங்கே இருப்பது இலக்கைத் தேடும் ராடார். வெடிமருந்து அதற்குப் பின்னால். ஆயுதச் சோதனைக்கு ஏவும்போது வெடிமருந்து இருக்கும் இடத்தில் அளவீட்டுக் கருவிகளை வைத்து, ஏவுகணை போகும் உயரத்தையும் வேகத்தையும், தேடும் ராடார் எப்போது விழித்துக்கொண்டது என்பதையும் வானொலி வழியே பதிவு செய்வார்கள். இலக்காகப் பழைய கப்பலையோ, ராடார் அலைகளைத் திருப்பியனுப்பும் தகடுகளைப் பொருத்திய மிதவையையோ நிறுத்துவார்கள். ஏவுவதற்கு முன் படகு ஒரே திசையில், அதிகம் உருளாமல் ஓட வேண்டும். ஏவுகணைக்குள் இருக்கும் சுழல் கருவிகள் நிலைக்கு வர வேண்டும். கடல் ஓர் அளவுக்கு மேல் கொந்தளித்தால் சோதனை தள்ளிப்போகும். இத்தனையும் தேறினாலும் போரில் எதிரி சும்மா இருக்க மாட்டான் என்பது வேறு கதை. 1967 அக்டோபர் 21 அன்று எகிப்தியப் படகுகள் இதே பி-15ஐ ஏவி இஸ்ரேலின் ‘எய்லட்’ நாசகாரியை மூழ்கடித்தபோது உலகக் கடற்படைகள் திகைத்தன. ஆறு ஆண்டுகளில், 1973 அக்டோபரில் சிரியாவின் லதாக்கியா துறைமுகத்துக்கு வெளியே, ராடாரை ஏமாற்றும் உலோகத் துகள்களையும் மின்னணுக் குழப்பிகளையும் இஸ்ரேல் பயன்படுத்தியதால் சிரியா ஏவிய பி-15களில் ஒன்றுகூட இலக்கைத் தொடவில்லை. நிபாத்தும் அதன் கூட்டாளிகளும் கராச்சியை அடைந்தது இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில்.

இனி பீரங்கிகள். படகின் முன்னும் பின்னும் ஏ.கே.-230 என்ற இரட்டைக் குழல் 30 மில்லிமீட்டர் பீரங்கிகள் ஒவ்வொன்று உண்டு. முட்டை வடிவக் கூண்டை மரத்தில் கடைந்து, குழல்களுக்கு மருந்துக்கடையில் வாங்கிய ஊசிகளின் முனையை வெட்டிப் பொருத்தியிருக்கிறார்கள். இந்த அளவில் உண்மையான துளை அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம்தான் இருக்கும் என்பதால், ஊசியைவிட நல்ல பொருள் கிடைத்திருக்காது. வெள்ளி நிறத்தில் விட்டுவிடாமல் சாம்பல் பூச்சு கொடுத்தது பொருத்தம்.

நான் அதோடு விடவில்லை. கப்பலில் பீரங்கியைப் பொருத்தியதும் செய்யும் சோதனைகளில் ஒன்று, கூண்டை முழுச் சுற்றும் திருப்பி, எந்தக் கோணத்தில் சுட்டால் குண்டு சொந்தக் கப்பலின் மீதே படும் என்று பார்ப்பது. அந்தக் கோணங்களில் சுடும் மின்சுற்று தானாக நின்றுவிடும்படி தடுப்பு அமைத்திருப்பார்கள். அது வேலை செய்கிறதா என்று சோதித்த பிறகே உண்மையான குண்டை ஏற்றுவார்கள். பிறகு சுட்டுப் பார்த்து, அந்த அதிர்ச்சியை மேல்தளம் தாங்குகிறதா, சுற்றியுள்ள கருவிகள் கழன்றுகொள்கின்றனவா என்று ஆராய்வார்கள். பீரங்கியும் அதை இயக்கும் ராடாரும் ஒரே புள்ளியைப் பார்க்கின்றனவா என்று கரையிலுள்ள ஓர் அடையாளத்தை வைத்துச் சரிபார்ப்பதும் உண்டு. மாதிரியில் சுடவா முடியும்? கூண்டைத் திருப்பிப் பார்த்தேன். முன் பீரங்கி இரு பக்கமும் தடையின்றித் திரும்பியது. பின் பீரங்கியைத் திருப்பியபோது குழல் முனை பின்கொட்டகையின் மூலையில் உரசி, புதுப் பூச்சில் ஒரு கீறல் விழுந்தது. கூண்டின் அச்சை மூன்று மில்லிமீட்டர் பின்னால் தள்ளியிருக்க வேண்டும். வரைபடத்தில் சரியாக இருந்தும், துளை போடும்போது இடம் பிசகியிருக்கிறது. மறுபடியும் துளையிட்டால் தேக்குப் பலகை பிளக்கக்கூடும் என்று ஆசாரி தயங்கியதால், கூண்டை இப்போது பின்னோக்கிய நிலையில் ஒட்டச் சொல்லிவிட்டேன். திரும்பும் பீரங்கி என்று விலைப்பட்டியலில் இரண்டுக்கும் பணம் வாங்கியவர்கள், ஒன்றுக்கானதைத் திருப்பித் தந்திருக்கலாம், தரவில்லை.

கொடிமரமும் அதன் உச்சியில் உள்ள தேடு ராடாரும் பின்னால் உள்ள பீரங்கி ராடாரும் பரவாயில்லை. பித்தளைக் கம்பியைப் பற்றவைத்த இடங்கள் சற்றுத் தடிப்பாகத் தெரிகின்றன. இரண்டடி தள்ளி நின்று பார்ப்பவர்களுக்குத் தெரியாது.

வண்ணப்பூச்சில்தான் எனக்கு மனக்குறை. கார்களுக்கு அடிக்கும் பூச்சை ஸ்பிரே கன்னில் அடித்ததால் படகு கல்யாண மண்டபத்து இரும்பு பீரோபோல் மினுங்கியது. போர்க்கப்பலின் சாம்பல் நிறம் ஒளியைத் திருப்பாத மங்கல் நிறம். தூரத்துக் கடலில் கரைந்துபோவதற்காக அடிப்பது. மேலே மங்கல் பூச்சு ஒரு கை கொடுக்கச் சொன்னதும் செய்தார்கள், ஆனால் ஏற்கெனவே அடித்ததன் தடிமனால் கதவுக் கீல்களின் நுணுக்கம் பாதி மூடிவிட்டது. முதல் கையே மெல்லியதாக இருந்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை. கே 86 என்ற படகின் அடையாள எண்ணை வெட்டிய ஸ்டிக்கராக ஒட்டியிருக்கிறார்கள். இடது பக்கத்து எழுத்தும் வலது பக்கத்து எழுத்தும் ஒரே வடிவில் இல்லை. நீர்க்கோட்டுக்குக் கீழே செம்பழுப்பு நிறமும், இரண்டுக்கும் நடுவில் கறுப்புக் கோடும் நேராக வந்திருக்கின்றன. ஏவுகணை கிளம்பும் இடத்தில் மினுக்கும் சிவப்பு விளக்கும், பொத்தானை அழுத்தினால் ‘உஷ்’ என்ற சத்தமும் வைத்துத் தரட்டுமா என்று கேட்டார்கள். கண்காட்சிக்காரர்கள் எல்லாரும் கேட்பதுதானாம். வேண்டாம் என்றேன்.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சித்திரைத் திருவிழாவுக்கு முன்பே தருவதாகச் சொன்னார்கள். விழா முடிந்து, கூட்டம் கலைந்து, பள்ளிகள் திறந்த பிறகுதான் கைக்கு வந்தது. திருவிழாக் காலத்தில் ஆசாரிகள் வாகன வேலைக்குப் போய்விடுவார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாததா? தொலைபேசியில் கேட்டால் ஒவ்வொரு தடவையும் “பெயிண்ட் காயுது சார்” என்ற பதில்தான். ஆனால் நேரில் போனால் மரியாதைக்குக் குறைவில்லை. செய்துகொண்டிருக்கும் வேலையை மறைக்காமல் காட்டுகிறார்கள், தவறைச் சுட்டினால் வாதாடாமல் திருத்துகிறார்கள். சரக்கு சேவை வரியோடு முறையான பில் கொடுத்தார்கள். பள்ளிக் கணக்குக்கு அது அவசியம். பெட்டிக்குள் படகு அசையாதபடி தாங்கிகளில் திருகாணி போட்டு, தெர்மாகோல் வைத்துக் கட்டி, அவர்களுடைய ஆளே ஆட்டோவில் உடன் வந்து இறக்கி வைத்துவிட்டுப் போனார். கோரிப்பாளையம் சிக்னலில் ஆட்டோ குலுங்கியும் கொடிமரம் வளையவில்லை.

24,000 ரூபாய் அதிகமா? வெளிநாட்டுப் பிளாஸ்டிக் மாதிரித் தொகுப்பை வாங்கி நாமே ஒட்டினால் செலவு குறையும், நுணுக்கமும் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் மாணவர்கள் கதவைத் திறந்து, ஏவுகணையை வெளியே எடுத்து, உந்தியைக் கழற்றி மாட்டும் பயன்பாட்டுக்கு அவை ஒரு மாதம்கூடத் தாங்கா. தேக்கும் பித்தளையும் தாங்கும். அலமாரியில் வைத்து அழகு பார்க்க விரும்புகிறவர்களுக்கு இந்தப் பட்டறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். வகுப்பறைக்குக் கேட்பவர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

கேட்கப் போகிறவர்கள் படகின் பெயரை மட்டும் சொல்லாமல், எந்த ஆண்டில் இருந்த தோற்றம் வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுக்க வேண்டும். பக்கத் தோற்றம், மேல் தோற்றம் இரண்டையும் ஒரே அளவில் அச்சிட்டுக் கொடுப்பது நல்லது. அசையும் பாகங்களை வண்ணம் அடிப்பதற்கு முன்பே ஒருமுறை நேரில் போய் அசைத்துப் பார்த்துவிட வேண்டும். முன்பணம் பாதிக்கு மேல் கொடுக்க வேண்டியதில்லை.

அதே பள்ளிக்கு அடுத்த மாதிரியாக ‘ஐ.என்.எஸ். அர்ணாலா’வைக் கேட்டிருக்கிறேன். கரையோர ஆழமற்ற கடலில் நீர்மூழ்கிகளை வேட்டையாடுவதற்கான இந்தக் கப்பலைக் கொல்கத்தாவின் கார்டன் ரீச் கப்பல் கட்டும் நிறுவனம், நம் காட்டுப்பள்ளியில் உள்ள எல் அண்ட் டி கப்பல் தளத்தோடு சேர்ந்து கட்டியது. 2025 ஜூன் 18 அன்று விசாகப்பட்டினத்தில் கடற்படையில் சேர்ந்தது. நீளம் 77 மீட்டர் என்பதால் நூறில் ஒரு பங்கு அளவில் செய்தால் இப்போதுள்ள கண்ணாடிப் பெட்டியின் அளவே போதும். இந்த முறை பீரங்கிக் கூண்டுக்கான துளையை நான் பக்கத்தில் இருக்கும்போதுதான் போட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். தைக்குள் தருவதாகச் சொல்கிறார்கள், நான் பங்குனி என்று குறித்து வைத்திருக்கிறேன்.